நிக்கான் டி7200-க்கு ஒரே ஜூம் லென்ஸ்: தாராசுரத்தில் மூன்றைப் போட்டுப் பார்த்தேன்

கோயில் சிற்பங்களைப் படமெடுப்பதுதான் என் பொழுதுபோக்கு. கேமரா நிக்கான் டி7200, அதில் 18-140 மி.மீ. லென்ஸ் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பையில் ஒரே லென்ஸ்தான் இருக்க வேண்டும், கோயிலுக்குள் நுழைந்தால் வெளியே வரும்வரை அதைக் கழற்றவே கூடாது என்பது என் பிடிவாதம். வியர்த்த கையோடு, வௌவால் பறக்கும் மண்டபத்தில் சென்சாரைத் திறந்து வைக்க எனக்கு மனசு வராது. அப்படியானால் அந்த ஒரே லென்ஸ் எதுவாக இருக்க வேண்டும்?

கடைக்குப் போவதற்கு முன்னால் என் பழைய படங்களிடம் கேட்டேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்தக் குவியத் தூரத்தில் (லென்ஸின் மி.மீ. எண்; சின்ன எண் அகலமாகக் காட்டும், பெரிய எண் தூரத்தை இழுத்துக் காட்டும்) எடுத்தோம் என்ற தகவல் பதிவாகியிருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் அதை மட்டும் பிரித்து அட்டவணையாக்கினேன். படங்களில் பெரும்பகுதி 18-இலேயே குவிந்து கிடந்தது. அடுத்து 35-க்கும் 70-க்கும் நடுவே ஒரு திரள். 140-இல் ஒரு சின்னக் கூட்டம், அதில் பாதி கோபுரத்துக் கிளிகள். ஜூமின் ஒரு முனையில் படங்கள் குவிந்தால், அங்கே நாம் சுவரில் முட்டி நிற்கிறோம் என்று அர்த்தம். நான் முட்டியது 18 பக்கம். எனக்குக் குறைந்தது தூரம் இல்லை, அகலம்.

இருந்தாலும் எண்ணை நம்பி மட்டும் பணம் போட முடியாது. நண்பர் ஒருவரிடம் நிக்கான் 16-80 இருந்தது, f/2.8-4 அப்பெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை; f எண் சின்னதானால் துளை பெரிது) கொண்டது, 2015-இல் வந்தது. டாம்ரான் 18-400-ஐ வாடகைக்கு எடுத்தேன், அது 2017-இல் வந்தது. என்னுடைய 18-140-ஐயும் சேர்த்து மூன்றையும் தூக்கிக்கொண்டு தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போனேன். லென்ஸைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வெயிலில் நிற்கும் விமானம், இருட்டான தூண் மண்டபம், விரல் நீளச் சிற்பங்கள், மேலே பறவைகள் என்று எல்லாமே ஒரே மதிலுக்குள் கிடைக்கும். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் முக்காலிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஆகவே எல்லாப் படமும் கையில் பிடித்து எடுத்ததுதான்.

முதலில் மண்டபம். தூண்களுக்கு நடுவே பின்னால் நகர இடம் கிடையாது. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 18-இல் சுமார் 3.9 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் விழும், 16-இல் 4.4 மீட்டர். காகிதத்தில் இது அரை மீட்டர்தான். ஆனால் வ்யூஃபைண்டரில் பார்த்தபோது, 18-இல் பாதியாக வெட்டுப்பட்டு நின்ற ஓரத் தூண் 16-இல் அடிப்பீடத்தோடு முழுசாக உள்ளே வந்தது. பல வருடம் எனக்குக் கிடைக்காமல் இருந்த படம் அது.

வெளிச்சத்திலும் 16-80 முந்தியது. 80-க்கு இழுத்தாலும் அது f/4-இலேயே நிற்கும். அதே இடத்தில் 18-140 f/5.6-ஐ நெருங்கிவிடும். கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) வித்தியாசம் என்பதால், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன், கூடினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 3200 கேட்கும் இடத்தில் 1600-ஐ ஒட்டியே முடிந்துவிடுகிறது. கருங்கல்லின் உளித்தடம் புள்ளிப் புள்ளியாகச் சிதையாமல் இருக்க இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். கை நடுக்கத்துக்கு நிக்கான் இரண்டுமே நான்கு ஸ்டாப் வரை ஈடுகொடுக்கும் என்கிறது நிறுவனக் கணக்கு, டாம்ரானுக்கு இரண்டரை. டாம்ரான் மண்டபத்தில் திணறியது. நீட்டி இழுத்தால் அப்பெர்ச்சர் f/6.3 ஆகிவிடுகிறது. டி7200-இன் ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றுதான் f/8 வரை தாங்கும், மற்றவை f/5.6-ஐ நம்பிச் செய்யப்பட்டவை. அரையிருட்டில் ஓரப் புள்ளிகளை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தது.

நேர்க்கோடு விஷயத்தில் மூன்றுமே சுமார்தான். அகல முனையில் தூண்கள் வயிறு தள்ளுகின்றன. நிக்கான் லென்ஸ் என்றால் கேமராவிலேயே தானியங்கித் திருத்தம் உண்டு. டாம்ரானுக்கு வீட்டுக்கு வந்து கணினியில்தான் நிமிர்த்த வேண்டும்.

ஆனால் டாம்ரான் என்னை அசத்திய இடமும் ஒன்று உண்டு. யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாக வடித்த ரிஷபகுஞ்சரம் இங்கே புகழ்பெற்றது. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அந்தத் தலையை மட்டும் சட்டம் நிறைய எடுக்க வேண்டும் என்றால் 18-400 தான். 45 செ.மீ. தொலைவிலேயே ஃபோகஸ் ஆகி, அசலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான அளவில் சென்சாரில் விழுகிறது. நிக்கான் இரண்டும் கால் பங்கைக்கூட எட்டாது. கண்ணும் கொம்பும் தும்பிக்கையும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் அந்தக் கோட்டை நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. சிற்ப நுணுக்கம் மட்டும்தான் உங்கள் விருப்பம், வெளிச்சமும் நன்றாக இருக்கிறது என்றால் இதையே தயங்காமல் வாங்கலாம். எடை மட்டும் 700 கிராமைத் தாண்டும், நிக்கான் இரண்டும் 500-க்குள்.

மேலே இருந்த கிளிகளை 400-இல் எடுத்தேன். முழு அப்பெர்ச்சரில் கூர்மை கொஞ்சம் குறைந்து இருந்தது, f/8-இல் தேவலை. அப்புறம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 24 மெகாபிக்சல் கேமராவில் 80-இல் எடுத்த படத்தை 140 அளவுக்கு வெட்டினால் ஏறத்தாழ 8 மெகாபிக்சல் மிஞ்சும், எட்டுக்குப் பத்து அங்குலப் பிரிண்டுக்கு அது தாராளம். 18-இல் எடுத்ததை என்ன செய்தாலும் 16 ஆக்க முடியாது. நீள முனையை ஓரளவு கத்தரியால் ஈடுகட்டலாம், அகல முனைக்கு அந்த வழியே கிடையாது. கடைகளில் பெட்டி மேல் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்துத்தான் நாம் மயங்குகிறோம். ஆல்ரவுண்டர் லென்ஸ் தேடுகிறவர்கள் அந்தச் சின்ன எண்ணை முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

கடைசியில் 16-80-ஐயே செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, சாய்த்துச் சாய்த்து பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன். நம் ஊர் ஈரத்தில் இதுதான் முதல் சோதனை, சிலந்தி வலை மாதிரி ஓரத்தில் தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, இந்த லென்ஸில் அப்பெர்ச்சர் மின்சாரத்தில் இயங்குவது. பின்னால் நெம்புகோலைத் தள்ளிப் பார்க்கும் பழைய முறை இங்கே செல்லாது. சொந்த கேமராவில் மாட்டி f/16 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தானை அழுத்தியபடி முன்பக்கமிருந்து இதழ்கள் மூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஒரு செலவு கூடுதலாக வந்தது. பழைய போலரைசர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் கண்ணாடி) 67 மி.மீ., புது லென்ஸின் வாய் 72. குறுக்கும் வளையம் போட்டால் 16-இல் நான்கு மூலையும் கறுத்துவிடும். அதனால் 72-இலேயே ஒன்று வாங்கிவிட்டேன். ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சத்தை அது குடித்துவிடும் என்பதால் மண்டபத்துக்கு ஆகாது. வெளிச் சுவரில், மழை நின்ற கையோடு ஈரக் கல்லின் பளபளப்பை எவ்வளவு குறைக்கிறது என்பதை ஐப்பசியில் போய்ப் பார்க்க வேண்டும்.