சந்தையில் ஒரு மேசை பிடிக்க அலைந்த கதை

எங்களுக்குக் கோப்பாய்ப் பக்கம் எட்டுப் பரப்புத் தோட்டம், அதாவது அரை ஏக்கர். செம்மண். வெங்காயம், கத்தரி, கொஞ்சம் மரவள்ளி, வேலியோரம் முருங்கை. விளைந்ததை மூட்டை கட்டி விடியற்காலையில் சந்தைக்குக் கொண்டுபோவது என் கணவருடைய வேலை. வந்த காசுக்குக் கணக்கு எழுதுவது என்னுடைய வேலை. எழுத எழுத ஒன்று உறுத்தத் தொடங்கியது. இங்கே 60 கிலோ நிறுத்து அனுப்பிய கத்தரிக்காய் வியாபாரி எழுதித் தருகிற சிட்டையில் 54 கிலோவாக இருக்கும். அவரைக் கேட்டால், "அது கழிவு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

யாழ்ப்பாணத்தில் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிற எந்தத் தோட்டக்காரனுக்கும் இது புதிதல்ல. நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு, அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் காசு. மண் ஒட்டியிருக்கும், ஈரம் இருக்கும், அடியில் அழுகல் இருக்கும் என்று ஒரு காலத்தில் காரணம் சொன்னார்களாம். இப்போது காரணமும் இல்லை. துடைத்து, நல்லதாகப் பார்த்துத் தெரிவுசெய்து கொண்டுபோனாலும் பத்துப் பத்துத்தான். கூட்டங்களில் எத்தனையோ தரம் பேசியாயிற்று, நிறுத்தச் சொல்லி மேலே இருந்தும் சொல்லியாயிற்று. எங்கள் சிட்டையில் மட்டும் 60, 54 ஆகிக்கொண்டே இருந்தது.

2024 இல் நானே சில்லறையாக விற்றுப் பார்க்கிறது என்று முடிவெடுத்தேன். சந்தைக்குள் விளைவித்தவர்கள் நேரே விற்கவென்று ஒரு வரிசை மேசைகள் உண்டு. அதில் ஒன்று கிடைத்தால் போதும். மரக்கறியோடு வீட்டில் வறுத்த மிளகாய்த்தூளும் வைத்தால் கையில் நாலு காசு கூடுதலாக நிற்கும் என்பது கணக்கு. அந்தத் தூள்தான் என்னை ஐந்து மாதம் அலைக்கழித்தது.

முதலில் பிரதேச சபைக்குப் போனேன். சபைகளின் காலம் 2023 மார்ச்சிலேயே முடிந்துவிட்டதால் உறுப்பினர் என்று சொல்லிப் பேச அப்போது ஒருவரும் இருக்கவில்லை, எல்லாம் செயலாளரின் கீழ்தான் இருந்தது. ஒரு வகையில் அது நல்லது. யாரைப் பிடிக்கலாம் என்று யோசிக்காமல் நேரே கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த தங்கச்சி கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நீங்கள் விளைவிக்கிறதா, வாங்கி விக்கிறதா?"

அந்த மேசைகளுக்கு அந்தக் கேள்விதான் வாசல். விளைவிக்கிறேன் என்று வாயால் சொன்னால் போதாது. கமநல சேவை நிலையத்தில் கமக்காரராகப் பதிந்திருப்பதற்கு ஒரு கடிதம், விதானையாரிடம் வதிவிடத்துக்கு ஒன்று, அடையாள அட்டைப் பிரதி. (கிராம அலுவலர் என்று பெயர் மாறி எத்தனை காலம், எங்கள் வாயில் அவர் இன்னமும் விதானையார்தான்.) பதிவு அவருடைய பெயரில் இருந்தது, மேசை கேட்டது நான். அதற்கு அவர் ஒரு சம்மதக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கலியாணமாகி இருபது வருடத்தில் அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம் அது.

இந்த விதி தேவையா என்று எனக்கு முதலில் தோன்றியது. மேசைக்கு வந்த இரண்டாம் கிழமை விளங்கியது. மூன்று மேசை தள்ளி ஒருவர் தம்புள்ளை மொத்தச் சந்தையில் இருந்து வந்த லீக்ஸைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார். நுவரெலியாக் குளிரில் விளைகிற லீக்ஸ். சந்தைக் குத்தகைக்காரரின் ஆள், காசு வாங்கித் துண்டு (பற்றுச்சீட்டு) கிழித்துக்கொண்டு வந்தவர், நின்று பார்த்து, "அண்ணை, உது உங்கட எந்தத் தோட்டத்திலை?" என்று கேட்டார். அண்ணை அன்று ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்.

துண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். சந்தை சபைக்குச் சொந்தமானாலும் அன்றாடம் காசு வாங்குகிறவர் கேள்வி விலையில், அதாவது ரெண்டரில், வருடக் குத்தகைக்கு எடுத்தவர். இன்ன சாமானுக்கு இவ்வளவு என்று சபை விதித்த கட்டணப் பலகை வாசலில் தொங்கும். அதை ஒருதரம் வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள், கொடுத்ததற்குத் துண்டு வாங்குங்கள். நான் முதல் மூன்று நாள் பலகையைப் பார்க்கவே இல்லை. மூன்று நாளும் கூடத்தான் கொடுத்திருக்கிறேன்.

தராசு அடுத்தது. வீட்டில் மா நிறுக்கிற சின்னப் பிளாஸ்ரிக் தராசைக் கொண்டுபோகலாம் என்று இருந்தேன். மாமா கேட்டுச் சிரித்தார். வியாபாரத்துக்குப் பாவிக்கிற தராசுக்கும் நிறைப்படிகளுக்கும் ஒவ்வொரு வருடமும் முத்திரை இருக்கவேண்டும், 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டப்படி. அளவீட்டு அலகுகள் திணைக்களத்து ஆட்கள் பிரதேச செயலகத்துக்கு வந்து குறித்த நாட்களில் முத்திரையிடுவார்கள். நான் மாமாவின் பழைய இலத்திரனியல் தராசை மடியில் வைத்து ஓட்டோவில் போனேன். குலுங்கக் கூடாதே என்று வழியெல்லாம் பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டு போனது வீண்போகவில்லை, ஒரே தரத்தில் முத்திரை கிடைத்தது. கீரையைப் பிடியாகவும் பச்சை மிளகாயைக் கூறாகவும் விற்கிறபடியால் தராசுக்கு வேலை குறைவுதான். ஆனாலும் அது மேசையில் இருந்தால் வாங்க வருகிறவர்களுடைய முகம் வேறு. விலைகளையும் எழுதித் தொங்கவிட வேண்டும். பள்ளிக்கூடக் கொப்பி மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

"இயற்கை முறையில் விளைந்தது" என்று ஒரு பலகை எழுதவும் ஆசைப்பட்டேன். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை போட்ட நேரத்தில் பழகிய சாணமும் குழையும்தான் இன்னமும் எங்கள் கத்தரிக்கு. விவசாயப் போதனாசிரியர் ஒரு கேள்விதான் கேட்டார்: "பக்கத்துத் தோட்டக்காரன் அடிக்கிற மருந்து காத்திலை உங்கடைக்கு வராதோ?" சான்றிதழ் எடுக்காமல் சேதனம், இயற்கை என்று எழுதாதேங்கோ, ஆரும் கேட்டால் வாயால் சொல்லுங்கோ என்றார். பலகையை அடுப்படிக்குள் வைத்துவிட்டேன்.

மரக்கறிக்கு இவ்வளவுதான். மொத்தம் மூன்று கிழமை. ஆனால் ஒரு சாமானை வறுத்து, திரித்து, பக்கற்றுக்குள் போட்டீர்களோ, நீங்கள் தோட்டக்காரன் இல்லை, உணவு தயாரிப்பாளர். அங்கே 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் வந்துவிடும். சட்டத்தோடு பி.எச்.ஐ என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார்.

பி.எச்.ஐ என்றால் எங்களுக்குச் சின்ன வயதில் இருந்தே ஒரு பயம். அவர் வருகிறார் என்ற அன்று விடிய எழும்பி அடுப்படியைக் கழுவித் தள்ளினேன். அவர் அடுப்படிக்குள் முதலில் போகவே இல்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். கிணற்றில் இருந்து மலசலகூடக் குழி எவ்வளவு தூரம் என்று காலால் அளந்தார். சுண்ணாம்புக்கல் நிலம், குழித் தண்ணீர் எங்கே போகும் என்று சொல்ல முடியாது என்றார். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை எடுக்கச் சொன்னார். தூளுக்குத் தண்ணீர் சேர்ப்பதில்லையே என்று கேட்டேன். "மல்லி கழுவிறேல்லையோ? கை கழுவிறேல்லையோ?" சரி.

அதற்குப் பிறகுதான் அடுப்படி. வறுக்கிற இடத்துக்கு யன்னல் வலை, பக்கற் பண்ணுவதற்குத் தனி மேசை, பூனைக்குத் தடை. எங்கள் பூனை அப்போது அந்த மேசையில்தான் படுத்திருந்தது. எனக்கு மருத்துவப் பரிசோதனைச் சான்றிதழ். மில்லைப் பற்றி அவர் கேட்டது நான் நினைத்தே பாராத கேள்வி: எனக்கு முன்னால் அந்த மில்லில் என்ன திரித்தார்கள்? ஒடியல் மாவோ அரிசி மாவோ அடியில் நிற்கும், அது என் தூளுக்குள் வந்தால் கலப்படம் என்று என் பெயர்தான் வரும். அன்றிலிருந்து மில் திறந்த உடன் முதல் ஆளாகப் போகிறேன். முதலில் வருகிற ஒரு பிடியைத் தனியே எடுத்து வீட்டுக் கறிக்கு வைத்துக்கொள்கிறேன். சூட்டோடு பக்கற் பண்ணக் கூடாது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பெரிய சண்டை லேபலில் வந்தது. சாமானின் பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, தயாரித்தவர் பெயர் முகவரி, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை எல்லாம் போட்டு, பெறாமகன் அழகாகக் கணினியில் செய்து தந்தான். பி.எச்.ஐ பார்த்துவிட்டு இரண்டு இடத்தில் பேனையால் வட்டம் போட்டார். ஒன்று சேர்மானம். நான் செத்தல் மிளகாயை முதலில் போட்டிருந்தேன். எது நிறையில் கூடவோ அதுதான் முதலில் வரவேண்டும் என்றார். என் பக்குவத்தில் ஒரு கிலோ செத்தலுக்கு ஒன்றேகால் கிலோ மல்லி. ஆகவே மல்லி, செத்தல், பிறகு பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, மஞ்சள், வெந்தயம், கறிவேப்பிலை. அம்மம்மாவின் பக்குவத்தை ஒரு அரசாங்க உத்தியோகத்தர் கிராமில் எழுதிக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மற்ற வட்டம் பெயரில். "மிளகாய்த்தூள்" என்று போடக் கூடாதாம். மிளகாய்த்தூள் என்றால் மிளகாய் மட்டும் திரித்தது. இது கறித்தூள், அதுவும் வறுத்த கறித்தூள். நான் விடவில்லை. யாழ்ப்பாணத்தில் மிளகாய்த்தூள் என்றால் இதுதான் ஐயா, தனி மிளகாயைத்தான் நாங்கள் தனித்தூள் என்கிறோம் என்றேன். அவர் வவுனியாவுக்கு அங்காலே யார் வாங்கினாலும் ஏமாந்துபோவார்கள் என்றார். நான் யாழ்ப்பாணத்துச் சந்தையில்தானே விற்கிறேன் என்றேன். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், வீட்டில் அந்தத் தூளைத்தான் சாப்பிடுகிறார், அதை ஒத்துக்கொண்டார். வட்டத்தை மட்டும் அழிக்கவில்லை. லேபல் "வறுத்த கறித்தூள்" என்று மாறியது. அச்சடித்த முன்னூறும் அடுப்புக்குப் போனது.

வீட்டுப் பெயரையே வியாபாரப் பெயராக வைத்தபடியால் பிரதேச செயலகத்தில் பெயர்ப் பதிவும் செய்யவேண்டி வந்தது. சொந்தப் பெயரில் விற்றிருந்தால் அது மிச்சம். முதலே யாராவது சொல்லியிருக்கலாம். கடைசியாகச் சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் ஒக்டோபர் முடிவில் கைக்கு வந்தது. வாசித்துப் பார்த்தால் டிசம்பர் 31 வரைக்கும்தான் செல்லுபடி. ஜனவரியில் முழு வருடக் கட்டணத்தோடு திரும்பவும். இதைத் தொடங்க நினைக்கிறவர்கள் ஆவணியில் ஓடித்திரியாமல் மார்கழியில் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு தையில் எடுங்கள்.

தூளோடு போன முதல் ஞாயிறு, வெள்ளைச் சேலை உடுத்த ஒரு ஆச்சி வந்து பக்கற்றைக் கையில் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தா.

"மிளகாய்த்தூள் இல்லையோ பிள்ளை?"

"இதுதான் ஆச்சி."

"இதிலை கறித்தூள் எண்டெல்லோ போட்டிருக்கு. உது கொழும்பாக்கள் போடுறது. எனக்கு எங்கட தூள் வேணும்."

பக்கற்றை உடைத்து மணக்கக் கொடுத்த பிறகுதான் ஆச்சி இரண்டு வாங்கினா. உடைத்த பக்கற்றை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.