செக்கு இருக்கு, எண்ணெய் எங்கே?

என் மாமனார் சொட்டு மது தொடாதவர். அவரைப் போய் ஒயின் தோட்டத்துக்கு எதற்குக் கூட்டிப் போனீர்கள் என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிரான்ஸில் எங்கள் டிஜோன் நகரத்துக்கு வந்து பத்து நாளாக பால்கனியில் நின்று போகிற காரை எண்ணிக்கொண்டிருந்தார். மண்ணைப் பார்த்தால் மனுஷனுக்குத் தெம்பு வருமே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

க்ளோ த வூஜோ என்கிற அந்தப் பழைய ஒயின் தோட்டம் ரயிலில் பக்கம்தான். சுற்றுச்சுவரைக் கண்டதும் மாமா நின்றுவிட்டார்.

“எப்போ கட்டினது மாப்பிள்ளை?”

“1336-ல் முடிச்சாங்களாம் மாமா. சீத்தோ மடத்துத் துறவிகள்.”

“சாமியாருங்களா? சாராயத்துக்கா?”

பூசைக்கும் ஒயின் வேண்டும், விற்றால் மடத்துக்கும் வருமானம் என்று சமாளித்தேன். 12-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கைக்கு வந்த நிலம், பிரெஞ்சுப் புரட்சி பிடுங்கும்வரை போகவில்லை. 1889 வரை பிரியவும் இல்லை. அப்புறம் விற்று, பங்கு போட்டு, இன்றைக்கு ஏறக்குறைய 125 ஏக்கருக்குச் சுமார் 80 சொந்தக்காரர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான்.

“எண்பது பேரா! கோர்ட்டுக்குத் தனி பஸ்ஸே விடலாமே!”

சாலையோரம் குத்துக்காலிட்டு ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார். “களி. தண்ணி நிக்கும். மேல போலாம்.” மேட்டில், மாளிகைப் பக்கம், சுண்ணாம்புக் கல் கலந்த மண்ணைக் கிளறிவிட்டு, “இதான் மண்ணு” என்றார்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இதைச் சொல்லி அசத்தத்தான் முந்தின ராத்திரி ஒரு மணிவரை படித்திருந்தேன். ஆனால் மேடோ பள்ளமோ, லேபிளில் எல்லாமே ‘கிரான் க்ரூ’, அதாவது உச்சத் தரம்தான் என்ற தகவல் பாக்கி இருந்தது. அதையாவது சொன்னேன்.

“அப்போ பள்ளத்துல வாங்கினவன்தான் கெட்டிக்காரன்.”

அத்தோடு விட்டிருக்கலாம். அந்தக் காலத்துத் துறவிகள் மண்ணை வாயில் போட்டுப் பார்த்துத்தான் நிலம் பிரித்தார்கள் என்று ஒரு கதை உண்டு, அதையும் சொல்லித் தொலைத்தேன். சொல்லி முடிப்பதற்குள் ஒரு சிட்டிகை உள்ளே போய்விட்டது. எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதி கேமராவை எடுத்தார்கள். “உப்பு இல்ல” என்றார் மாமா, அவர்களைப் பார்த்தே.

மாளிகை 1551-இல் எழுந்தது. உள்ளே நாலு பிரம்மாண்டமான மர ஆலைகள், திராட்சை பிழிவதற்கு. ஒவ்வொரு உத்தரமும் ஓர் ஓக் மரமே படுத்த மாதிரி. மாமாவின் முகம் மலர்ந்தது. “நம்ம செக்கு மாப்பிள்ளை! எப்போ ஆட்டுவாங்க?”

இங்கே இப்போது ஒயினே தயாரிப்பதில்லை, அவரவர் பழத்தை அவரவர் கிடங்குக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள், மாளிகை 1944-லிருந்து ஒயின் ரசிகர் சங்கம் ஒன்றின் கையில், சிவப்பு அங்கி போட்டு விருந்து நடத்துவார்கள் என்றேன்.

“செக்கு இருக்கு, எண்ணெய் இல்ல. சாப்பாடு மட்டும் நடக்குது” என்று உத்தரத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

ரயில் ஏறியதும் மனைவி போன்.

“அப்பாவை எதையாவது டேஸ்ட் பண்ண வெச்சீங்களா?”

“மண்ணை.”

லைன் கட்.