இன்சோல் எடுக்கப் போனா விளையாடுற பூட்டையும் கொண்டு போங்க மக்கா

போன ஞாயிறு தூத்தூரில் முழு 90 நிமிஷமும் ஃபுட்பால் ஆடினேன். ஆறு மாசத்துக்கு அப்புறம்! என்னை மாதிரி குதிகால் வலியோடு கரையில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிற பசங்களுக்காக எழுதுகிறேன்.

குதிகாலுக்கு மேலே, அக்கிலிஸ் நரம்பில் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கிற தசைநாண்), புளியங்கொட்டை அளவுக்கு வீக்கம். ஊரே சொன்னபடி ஆறு வாரம் சும்மா இருந்தேன். வலி போச்சு. பந்தைத் தொட்ட முதல் நாளே திரும்பி வந்துச்சு. ஓய்வில் வலி அடங்கும், நரம்புக்குப் பலம் ஏறாது.

அடுத்து இன்சோல், அதாவது பூட்டுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கிற அட்டை. நாகர்கோவிலில் ஓர் இடத்துக்கு போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் போனேன். ரெண்டு பஸ் மாறி, மார்த்தாண்டம் நெரிசலில் நின்று போய்ச் சேர்ந்தால், "விளையாடுற பூட் எங்க?" என்கிறார்கள். போனிலேயே சொல்லியிருக்கலாமே! செருப்போடு போனவனை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போய் அளவு கொடுத்து வாங்கினால், பூட்டுக்குள் ஏற்கெனவே இருந்த அட்டையின் மேலேயே வைத்துத் தந்துவிட்டார்கள். குதிகால் வெளியே எழும்பி, பூட்டின் விளிம்பு சரியாக அந்த வீக்கத்திலேயே உரசியது. இரண்டு பயணமும் பணமும் வீண். பிறகு பார்த்த ஃபிசியோ அண்ணன் பழைய அட்டையை உருவிவிட்டு, இன்சோலின் முன்பக்கத்தைக் கத்தரித்து உட்கார வைத்தார். ரெண்டே நிமிஷம். முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடு, மெதுவாகக் கூட்டு என்றார்.

ஆனால் இன்சோல் நரம்பின் இழுவையைக் குறைக்கும், அவ்வளவுதான். என்னைத் தேற்றியது வீட்டு வாசற்படி. விளிம்பில் முன்பாதம் வைத்து, ரெண்டு காலாலும் எழும்பி, அடிபட்ட காலில் மட்டும் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 தடவை, மூன்று சுற்று. மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். 1998-ல் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் வெளியிட்ட முறை இது. தாங்கக்கூடிய வலி பரவாயில்லை. மறுநாள் காலை கூடினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நரம்பு எலும்பில் ஒட்டுகிற இடத்தில் வலி என்றால் படிக்குக் கீழே இறக்காதீர்கள், தரையிலேயே செய்யுங்கள். கடற்கரை மணலில் ஓடவே வேண்டாம். குதிகால் புதைந்து நரம்பை இன்னும் இழுக்கும். 'டப்'பென்று சத்தம் கேட்டு, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

முன்பெல்லாம் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்தடி நொண்டல்தான். பதினொன்றாவது வாரம் ஒருநாள் எழுந்து அடுக்களைக்குப் போய்த் தண்ணி குடித்த பிறகுதான் நொண்டவில்லை என்பதே உறைத்தது. அம்மாவைக் கூப்பிட்டு, கட்டில் வரை திரும்ப நடந்து காட்டினேன்.