மண்டையோட்டுப் பூச்சியும் கொய்யாத் துளையும்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எள், கத்தரி இருக்கும் தோட்டங்களில் மண்டையோட்டு அந்துப்பூச்சியைப் பார்க்கலாம். முதுகில் மஞ்சளாக மண்டையோடு அச்சு அசலாக இருக்கும். பிடித்தால் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் இறக்கையில் பிறப்பதில்லை. குட்டையான உறிஞ்சுகுழல் வழியே காற்றை இழுத்துத் தள்ளி எழுப்புகிறது. தேன்கூட்டில் புகுந்து தேன் குடிக்கும் துணிச்சல்காரப் பூச்சி! புழுவின் வால்முனையில் கொம்பு உண்டு, ஆனால் கொட்டாது.

அரளியிலும் நந்தியாவட்டையிலும் இலைகள் மொட்டையானால் வேறொரு புழுவைத் தேடுங்கள். பச்சை உடல். சீண்டினால் தலையை உள்ளிழுத்து, நெஞ்சிலுள்ள இரண்டு நீலக் கண்குறிகளை உப்பிக் காட்டும். கூட்டுப்புழுவாகும் முன் உடல் பழுப்பேறும். நோய் என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.

கொய்யாவில் ஊசித் துளையும் அதைச் சுற்றி அழுகலும் தெரிந்தால் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியாக இருக்கலாம். முன்னிறக்கை காய்ந்த இலைபோல. பின்னிறக்கை ஆரஞ்சு, அதில் கறுப்புத் திட்டு. இதன் புழு சீந்தில் கொடியில் வளரும், வேலியில் பாருங்கள்.

இரவில் பார்க்க, வெள்ளை வேட்டியைத் துணிக்கொடியில் விரித்து, முன்னால் புற ஊதா விளக்கைத் தொங்கவிடுங்கள். விளக்கை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். சாதாரண எல்.இ.டி. பல்பில் புற ஊதா மிகக் குறைவு, பூச்சியும் குறைவாகவே வரும். அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத புழுக்க இரவே நல்லது. விடியுமுன் விளக்கை அணைத்து வேட்டியைச் செடிநிழலில் உதறுங்கள். தாமதித்தால் கரிச்சான் குருவி ஒரு பூச்சியையும் விடாது.