மாமியின் அம்மம்மா வழி

என் கணவரின் அம்மா வட நோர்வேயின் துரோம்ஸ் மாவட்டத்தில் பிறந்தவர். அக்கா, தங்கை என்று யாரும் இல்லை. பெற்றதும் இரண்டு மகன்கள். உடலின் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு பகுதியில் இருக்கும் மரபணு தாயிடமிருந்துதான் வரும்; மகன்களிடம் இருக்கும், ஆனால் அவர்களின் பிள்ளைகளுக்குப் போகாது. என் மகளிடம் இருப்பது யாழ்ப்பாணத்து என் அம்மாவின் வழி. மாமியின் வழி என் கணவரோடும் அவர் தம்பியோடும் நின்றுவிடும் என்று விளங்கியபோதுதான் அதைப் பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம் வந்தது.

மாதிரி எடுப்பது சுலபம். பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துத் தபாலில் அனுப்பினோம். அந்த மரபணுவின் 16,569 எழுத்துகளையும் வாசிக்கும் முழுப் பரிசோதனையைத்தான் கேட்டோம். வந்த முடிவு: யு5பி1பி1ஏ. வடக்கே வாழும் சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களிடம் அதிகம் காணப்படும் தாய்வழிக் கிளை அது. பின்லாந்துக்காரரிடமும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. எங்கள் முடிவோடு முழுதாகப் பொருந்திய சிலர் கிடைத்தார்கள். ஆனால் இந்த மரபணு மிக மெதுவாக மாறுவது. பொது மூதாய் பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவளாகவும் இருக்கலாம்.

சரி, பதிவேடுகளில் தேடுவோம் என்று இறங்கினேன். நோர்வே தேசிய ஆவணக் காப்பகம் தேவாலயப் பதிவேடுகளையும் குடிசன மதிப்பீடுகளையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தகப்பன் பெயரோடுதான் இருந்தார்கள். ஓல்ஸ்தாத்தர் என்றால் ஓலேயின் மகள். தேட வசதிதான், ஆனால் ஒரே ஊரில் எத்தனை ஓலே! பக்கத்துப் பண்ணையின் வேறொரு ஓல்ஸ்தாத்தரின் பின்னால் இரண்டு மாதம் அலைந்தேன். 1875 குடிசன மதிப்பீட்டில் பிறந்த ஆண்டும் இடமும் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் சரியான ஆளைப் பிடித்தேன்.

அதில் இனத்தையும் குறித்திருக்கிறார்கள். மாமியின் அம்மம்மாவைப் பெற்றவரின் பெயருக்கு நேரே ‘லாப்’ என்று இருந்தது. சாமி மக்களை அதிகாரிகள் அப்போது அப்படித்தான் எழுதினார்கள். 1900 குடிசன மதிப்பீட்டில் அவர் மகளுக்கு நேரே ‘நோர்வேஜியர்’. பள்ளிக்கூடங்களில் சாமி மொழியை ஒடுக்கி எல்லோரையும் நோர்வேஜியராக்கிய காலம் அது. இந்த ஒடுக்குமுறையை ஆராய்ந்த நோர்வே உண்மை ஆணைக்குழுவின், 2023 இல் வந்த அறிக்கையை வாசித்தபோது, அந்த ஒரு சொல்லை மாற்ற அந்தக் குடும்பம் என்ன பாடு பட்டிருக்கும் என்று மனம் கனத்தது.

81 வயது மாமி அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். அம்மம்மாவும் அவர் தங்கையும் குசினியில் தங்களுக்குள் ஏதோ ஒரு மொழியில் பேசுவார்களாம். பிள்ளைகள் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார்களாம். “பின்லாந்து மொழி என்றுதான் நினைத்திருந்தோம்” என்றார். அப்புறம் அந்தப் பக்கத்தில் இரண்டு பிரதி எடுத்துத் தரச் சொன்னார், மகன்களுக்கு ஆளுக்கொன்றாக.