முற்று எங்கே? சீன மாணவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சிக் குறிப்புகள்

மார்ச் 2

சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில் ஆங்கிலத் தாளுக்கு 150 மதிப்பெண், 120 நிமிடம். புதிய தேசிய வினாத்தாளில் வாசிப்புக்கு 50, சொல் தேர்ந்து இடைவெளி நிரப்ப 15, இலக்கண இடைவெளிக்கு 15. இந்த 80 மதிப்பெண்ணும் வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கத் தெரிவதைப் பொறுத்தது. எனவே சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தமிழருக்கு முதல் வாரம் ஒரே பயிற்சி போதும்: ஒரு பத்தியைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைமுற்றை மட்டும் அடிக்கோடிடச் சொல்வது.

சீனத்தில் வினைச்சொல் உருமாறாது. நேற்றுப் போனாலும் நாளை போனாலும் 'சூ'தான். தமிழில் போனான், போய், போன என்று காதில் விழும்போதே முற்றும் எச்சமும் பிரிந்துவிடுகின்றன; சீன மாணவருக்கு அந்தப் பிரிவைச் சொல்லின் உருவம் காட்டித் தருவதில்லை. அங்குள்ள ஆசிரியர்கள் இதை 'வெய்யூ', 'ஃபெய்வெய்யூ' என்று பிரிக்கிறார்கள். நம் முற்றும் எச்சமும் ஏறக்குறைய அதுவே.

'ல' என்ற துணைச்சொல்லை இறந்தகாலம் என்று சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது. 'நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்' என்பதிலும் அது வரும். அது காட்டுவது செயலின் முடிவை, காலத்தை அல்ல. இங்கே தவறினால் பிறகு 'எட்' விகுதி கண்ட இடத்திலெல்லாம் முளைக்கும்.

மார்ச் 5

இலக்கண இடைவெளிப் பகுதி. சுமார் 200 சொல் கொண்ட பத்தி, 10 இடைவெளி, ஒன்றுக்கு 1.5 மதிப்பெண். பெரும்பாலும் ஏழில் அடைப்புக்குறிக்குள் சொல் தரப்பட்டிருக்கும், மூன்றில் ஒன்றும் இராது.

அடைப்புக்குறிக்குள் வினை இருந்தால் பொருளைப் பார்க்கும் முன்பே எண்ண வேண்டும். கணக்கு இதுதான்: வாக்கியத்திலுள்ள முற்றுகளின் எண்ணிக்கையைவிட இணைப்புச் சொல் ஒன்று குறைவாக இருக்கும். ஆண்ட், பட், பிகாஸ், வென், ஹூ, விச் எல்லாம் இணைப்புச் சொற்களே. ஆனால் இரண்டு பெயர்களை மட்டும் சேர்க்கும் ஆண்ட் கணக்கில் வராது. 'ஹேஸ் பீன் ரிட்டன்' மூன்று சொல்லானாலும் முற்று ஒன்றுதான். 'ஐ திங்க் ஹி இஸ் ரைட்' போன்றவற்றில் 'தட்' மறைந்திருக்கிறது, அதையும் சேர்த்து எண்ண வேண்டும். அரைப்புள்ளி வந்தால் அதன் இருபுறமும் தனித்தனி வாக்கியம்.

வூஹானின் யாங்சி ஆற்றுப் பாலத்தை வைத்து ஒரு வாக்கியம்: 'தி பிரிட்ஜ், ____ (கம்ப்ளீட்) இன் 1957, ஸ்டில் கேரீஸ் டிரெயின்ஸ்.' பலர் 'வாஸ் கம்ப்ளீட்டட்' என்று எழுதுவார்கள். பொருள் சரிதான், பாலம் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் 'கேரீஸ்' என்ற முற்று ஏற்கெனவே இருக்கிறது, இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. இன்னொரு முற்றுக்கு அங்கே இடமில்லை. விடை வெறும் 'கம்ப்ளீட்டட்'. தமிழில் 'கட்டி முடிக்கப்பட்ட' என்ற பெயரெச்சம் நிற்கும் இடம் அது.

எச்சம் என்று உறுதியானதும், அந்தச் செயலைச் செய்வது யார் என்று கேட்க வேண்டும். தானே செய்தால் 'இங்', செயலுக்கு உட்பட்டால் 'எட்' வடிவம், நோக்கம் என்றால் 'டு'. முற்று என்றால் காலம், செய்வினையா செயப்பாட்டுவினையா, ஒருமையா பன்மையா என்று இதே வரிசையில் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் அதிகம் மறப்பார்கள். 'எஸ்' விடுபடுவது அங்கேதான்.

மார்ச் 9

காற்புள்ளி. சீன எழுத்தில் முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் கோத்துக்கொண்டே போகலாம். கருத்து முடியும்போது ஒரு வட்டப் புள்ளி. அந்தக் கை ஆங்கிலத்தில் 'இட் ரெயின்ட், வி ஸ்டேய்ட் ஹோம்' என்று எழுதும். முற்று இரண்டு, இணைப்பு இல்லை.

நேர் எதிரான பிழையும் உண்டு. 'சுய்ரான்' வந்தால் 'தான்ஷி' வரும், 'யின்வெய்' வந்தால் 'சுவோயி' வரும். இந்த இரட்டைகள் 'ஆல்தோ... பட்', 'பிகாஸ்... சோ' என்று ஆங்கிலத்தில் இறங்கிவிடும். முற்று இரண்டு, இணைப்பும் இரண்டு, ஒன்று கூடுதல். முதல் பிழையில் ஒன்று சேர்க்க வேண்டும், இரண்டாவதில் ஒன்று எடுக்க வேண்டும். தனித்தனி விதி வேண்டாம், 5ஆம் தேதிக் கணக்கே இரண்டுக்கும் போதும்.

மார்ச் 12

நீண்ட வாக்கியம். 'தி மேன் ஹூ சோல்ட் தி ஷாப் டு மை அங்கிள் லிவ்ஸ் இன் செங்டு.' செங்டுவில் வசிப்பது யார்? வேகமாகப் படிப்பவர் 'அங்கிள்' என்பார், 'லிவ்ஸ்' என்பதற்கு அருகில் நிற்பவர் அவர்தான் என்பதால்.

சீனத்தில் அடைமொழி முழுவதும் பெயருக்கு முன்னால் வந்துவிடும். 'வோ மாய் த ஷூ' என்றால் 'நான் வாங்கிய புத்தகம்', சொல்லுக்குச் சொல் தமிழின் வரிசை. விவரம் முடிந்தபின் பெயர், உடனே அதன் வினை. ஆங்கிலம் பெயரை முன்னால் வைத்துவிட்டு, விவரத்தை நடுவில் செருகி, வினையைத் தள்ளிப் போடுகிறது. தமிழர் சீனருக்குக் கற்பிக்கும்போது இந்தத் தடுமாற்றத்தைத் தன் மொழிக்குள்ளிருந்தே உணரலாம்.

பென்சிலால் செய்ய வேண்டியது: பெயருக்குப் பின் ஹூ, விச், தட் வந்தால் அடைப்புக்குறி திறக்க வேண்டும். அந்தத் துணைவாக்கியத்தின் முற்றைக் கடந்து அடுத்த முற்று வருமிடத்தில், அதற்கு முன்னால் மூட வேண்டும். பிறகு அடைப்புக்கு வெளியே இருப்பதை மட்டும் வாசிக்க வேண்டும். 15 நிமிடத்தில் 10 வாக்கியம். 'தி புக் ஐ பாட் இஸ் தின்' போல இணைப்புச் சொல் மறைந்த வாக்கியங்களை மறுநாளுக்கு வைப்பது நல்லது. அங்கே ஒரு பெயரை ஒட்டி இன்னொரு எழுவாய் நிற்பதுதான் அடையாளம்.

மார்ச் 16

சில்லறைகள். 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒலி 'தா'தான், எழுத்து மட்டும் வேறு. பேச்சில் ஹி, ஷி மாறுவது அதனால். பார், படி இரண்டுக்கும் 'கான்'. ஒருமையில் நிற்கும் எண்ணக்கூடிய பெயர் 'எ', 'தி', 'மை' என எதுவுமின்றித் தனியே நிற்காது. 'ஹவர்' முன் ஆன், 'யுனிவர்சிட்டி' முன் எ. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும்.

எண்களில் கவனம். 'வான்' என்றால் 10,000. '30 வான்' நமது 3 லட்சம். அதை 'தர்ட்டி தௌசண்ட்' என்று எழுதினால் பத்தில் ஒரு பங்காகிவிடும். கடைசி மூன்று இலக்கத்துக்கு முன் காற்புள்ளி வைத்தபின் வாசிக்கப் பழக்க வேண்டும்.

மார்ச் 19

ஏழில் ஐந்து, வாசிப்புப் பகுதியின் ஒரு வினா. பத்தியில் ஐந்து வெற்றிடம், கீழே ஏழு வாக்கியம், இரண்டு மிச்சமாகும். ஒவ்வொன்றுக்கும் 2.5. ஒரு விடையைத் தவறான இடத்தில் வைத்தால் அதன் சரியான இடமும் காலியாகி, பெரும்பாலும் 5 மதிப்பெண் போய்விடும். உறுதியானதை முதலில் நிரப்பி, கடைசியில் மிச்சமுள்ள இரண்டையும் ஒவ்வொரு இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

பத்தியிலுள்ள ஒரு சொல் விடையிலும் இருக்கிறதே என்று எடுப்பதுதான் வழக்கமான தவறு. நம்பத்தக்க தடயம் தே, திஸ், சச் போன்ற சுட்டுகள். சீனத்தில் எழுவாயையும் சுட்டையும் தாராளமாக விட்டுவிடலாம், ஆகவே கண் அவற்றின் மேல் நிற்காமல் வழுக்கும். ஒவ்வொரு சுட்டிலிருந்தும் அது குறிக்கும் பெயருக்கு அம்புக்குறி போடச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. 'தே' இருந்து, முந்தைய வாக்கியத்தில் பன்மைப் பெயரே இல்லையென்றால் அந்த விடையைத் தயங்காமல் ஒதுக்கலாம்.

மார்ச் 23

சீன மாணவர்களிடம் 'சுவோதிபென்' என்ற பிழை நோட்டு இருக்கும். நல்ல வழக்கம், ஆனால் பலர் அதில் சரியான விடையை அழகான கையெழுத்தில் படியெடுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் அடுத்த பத்தியில் அதே பிழை திரும்ப வரும். பக்கத்தை நான்காகப் பிரிக்க வேண்டும்: முழு வாக்கியம், முற்றின் எண்ணிக்கை, இணைப்பின் எண்ணிக்கை, அப்படி எழுதியபோது மனத்தில் ஓடிய காரணம். நான்காவது கட்டம் சீனத்திலேயே இருக்கட்டும். மூன்று நாள் கழித்து விடையை மறைத்து மீண்டும் செய்ய வேண்டும். கணக்கும் விடையும் சரியாக வந்தால்தான் அந்த வரியை அடிக்கலாம்.