போட்டி நாளின் காலை எண்

வாரத்தில் நான்கு நாள் இறகுப்பந்து ஆடுகிறேன். ஆட்டத்தின் களைப்பு வேறு, போட்டியின் களைப்பு வேறு என்பது, மார்பில் பட்டை கட்டிக்கொண்டு தினமும் காலையில் இதயத் துடிப்பு மாறுபாட்டை அளக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

நாடி நிமிடத்துக்கு 60 என்றால் இதயம் சரியாக வினாடிக்கு ஒருமுறை அடிக்கிறது என்று பொருளல்ல. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 960 மில்லிவினாடி, பிறகு 1040, பிறகு 990 என்று இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தளரும். நரம்புகளின் தலையீடே இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கக்கூடிய இதயத்தை, ஓய்வில் அடக்கி வைத்திருப்பது வேகஸ் நரம்பு. அந்தக் கடிவாளத்தின் பிடியைத்தான் இந்த மாறுபாடு பெருமளவு காட்டுகிறது. அடுத்தடுத்த இடைவெளிகளின் வேறுபாடுகளை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.; என் செயலி காட்டும் எண் அதுவே.

களத்தில் ஆடும்போது இதை அளப்பதில் பயனில்லை. சில வினாடி ரேலி, மூச்சு வாங்கச் சிறிது நேரம், மீண்டும் ரேலி என்று போகும் ஆட்டத்தில் துடிப்பு கீழே இறங்குவதற்கே இடமில்லாததால், மாறுபாடு அநேகமாக மறைந்துவிடும். 11 புள்ளியில் கிடைக்கும் 60 வினாடி இடைவேளையில் நிதானமாக மூச்சு விட்டால் பதற்றம் சற்றுத் தணியும். கால்களின் களைப்பு தணியாது.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. வழக்கமாக 50-ஐ ஒட்டி இருக்கும் என் எண், நண்பருடன் இரண்டு மணி நேரம் விடாமல் ஆடிய மறுநாள் கொஞ்சம் இறங்கி, அதற்கடுத்த நாள் மீண்டுவிடும். ஆனால் சென்ற மாதம் மன்றப் போட்டியின் அரையிறுதி நாளன்று, மட்டையைத் தொடுவதற்கு முன்பே, படுக்கையிலேயே அது 34 என்று காட்டியது. மாலையில் மூன்றாவது கேமை 20-22 என்று இழந்தேன். அன்றிரவு முழுவதும் வலையில் விழுந்த என் சர்வீஸ் ஒன்றையே மனத்துக்குள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். எண் பழைய நிலைக்கு வர நான்கு நாள் ஆயிற்று. உடல் உழைப்பு இரண்டு நாளும் ஒன்றுதான். துடிப்பை விரைவாக்கும் பரிவு நரம்புகளை முன்னதாகவே உசுப்பிவிட்டு, பின்னும் ஓயவிடாமல் வைத்திருந்தது பதற்றமும் கெட்டுப்போன தூக்கமும்தான் என்று நினைக்கிறேன்.

இது ஒரே ஒருவனின் கணக்கு. வயது, காய்ச்சல், மது, நேரம் தப்பிய இரவுச் சாப்பாடு என எல்லாமே இந்த எண்ணைத் தொடுவதால், அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவது வீண்வேலை. தன் எண்ணைத் தன் பழைய எண்ணோடு மட்டுமே ஒப்பிடலாம். இரட்டையர் ஆட்டத்தில் என்னோடு ஆடுபவரோ, எண் குறைந்திருப்பதைப் பார்த்தே பதறி, மறுபடி அளந்து, அது இன்னும் குறையக் கண்டவர்.

அதனால் போட்டி நாளில் காலையில் அளந்துவிட்டு, எண்ணை இரவில்தான் திறந்து பார்க்கிறேன்.